தூங்கும் கோழியும் முந்திக்கொண்ட கத்தியும்

கிழக்கிலங்கையின் கரையோர ஊர்களில் கோழி நோய் பற்றிய அறிவு எப்போது வந்தது என்று கேட்டால் இரண்டு விடைகள் தயாராக இருக்கும். மிருக வைத்திய அலுவலகம் வந்த பிறகுதான் வந்தது, அதற்கு முன்பெல்லாம் கண்ணூறு என்று சொல்லிக் கைவிட்டார்கள் என்பது ஒன்று. உம்மம்மாமாருக்குத் தெரியாத நோயா, கோழி நிற்கிற நிலையைப் பார்த்தே சொல்லிவிடுவார்களே என்பது மற்றது. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. மருதமுனை போன்ற ஊரில் நோயின் முதல் அறிகுறியைக் கண்டுபிடிக்கும் கண் மிகக் கூர்மையாகவே இருந்திருக்கும். ஆனால் அந்தக் கண் கண்டதும் அடுத்து வந்தது கத்தி. கோழி அறுபட்டதோடு அந்த நோயின் கதையும் அறுந்தது. தொடக்கத்தை நன்றாக அறிந்து, போக்கையும் முடிவையும் அறியாமல் போன ஓர் அறிவு அது. கோழி வளர்ப்பின் வரலாற்றை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான், தடுப்பூசி வந்த பிறகும் ஊர் ஏன் அதை முழுமனதோடு ஏற்கவில்லை என்பது விளங்கும்.

முதலில் அந்தக் கண். மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன முஸ்லிம் ஊர். வடக்கே பெரியநீலாவணை, தெற்கே பாண்டிருப்பு, கிழக்கே கடல். நடுவில் நெருங்கி நெருங்கி வீடுகள். தறி வீட்டோடு இருந்த காலத்தில் வேலையும் வீட்டோடுதான். நூல் சுற்றுவது, தார் சுற்றுவது எல்லாம் வளவுக்குள்ளேயே நடக்கும். பகல் முழுவதும் வளவில் ஆள் இருந்தால் அங்கே மேயும் கோழிகள்மேலும் பகல் முழுவதும் ஒரு பார்வை இருக்கும். இலங்கைக் கிராமக் கோழிகள் எதைத் தின்று வாழ்கின்றன என்று இரைப்பையைத் திறந்து பார்த்த ஆய்வு ஒன்று 1993இல் வெளிவந்தது. உள்ளே இருந்ததில் ஏறத்தாழ முக்கால் பங்கு வீட்டுக் கழிவு: சோறு, தேங்காய்ப்பூ, குசினியிலிருந்து வீசப்பட்ட மிச்சம் மீதி. மீதிதான் புல்லும் புழுபூச்சியும் நெல்லும். ஊர்க்கோழி தானாக மேய்ந்து வளர்கிறது என்று சொல்வது வழக்கம். உண்மையில் அது குசினிக் கதவைப் பார்த்துக்கொண்டு வாழ்கிறது. சோற்றை வீசுகிறவளுக்கு எந்தக் கோழி ஓடி வந்தது, எது வரவில்லை என்பது கேளாமலே தெரியும்.

அவள் பார்த்தவை இவை. காலையில் கூட்டைத் திறந்ததும் முண்டியடித்து வெளியே வரும் பெட்டை அன்றைக்குக் கடைசியாக வருகிறது. வந்தாலும் இரைக்கு ஓடாமல் வேலியோரம் ஒதுங்கி, கழுத்தை உள்ளிழுத்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது. கீழ் இமை மெல்ல மேலே ஏறிக் கண்ணை மூடுகிறது. யாராவது அசைந்தால் திறந்து, மறுபடி மூடுகிறது. ‘கோழி தூங்குது’ என்று ஊர் சொல்வது இதைத்தான். கொண்டை வெளிறினால் ஒரு கவலை, கறுத்து நீலம் பாய்ந்தால் பெரிய கவலை. பின்பக்கத்து இறகில் எச்சம் காய்ந்து ஒட்டியிருக்கிறதா, கூட்டின் அடியில் கிடப்பது பச்சையா வெள்ளையா, இரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். மாலையில் அடைக்கும்போது கழுத்தடியில் இரைப்பையைத் தடவினால், பகல் முழுக்கத் தின்ற கோழிக்கு அது கனத்துப் புடைத்திருக்கும். நோய்க்கோழிக்குத் தட்டையாக இருக்கும், அல்லது தண்ணீர் மட்டும் தளம்பும். இன்றைய மிருக வைத்தியக் கையேடுகளும் முதல் பரிசோதனைக்கு இதே இடங்களைத்தான் சொல்கின்றன: நிற்கும் நிலை, கண், கொண்டை, மூச்சு, எச்சம், இரைப்பை.

கோழி தன் நோயை மறைக்கும் பறவை என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். நோர்வேக்காரரான ஷெல்டெருப்-எப்பே கோழிக் கூட்டத்துக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்ற படிநிலை இருப்பதை 1921 அளவில் எழுதிக் காட்டினார். மேலே இருப்பது கீழே இருப்பதைக் கொத்தும். கீழே இருப்பது பொறுத்துக்கொள்ளும். தளர்ச்சியைக் காட்டிய கோழி அந்த வரிசையில் இறங்கும். இறங்கினால் இரை குறையும். ஆகவே முடிந்தவரை நிமிர்ந்து நின்று, மண்ணைக் கொத்துவதுபோல் கொத்தித் தன்னைச் சுகமாகவே காட்டிக்கொள்ளும். அது வெளிப்படையாகத் தூங்குகிறது என்றால் நோய் உள்ளே வேலையை ஏற்கெனவே பெரும்பகுதி முடித்துவிட்டது. எனவே கூர்மையான கண்ணுக்கும் கிடைத்த அவகாசம் மிகக் குறைவு. சில நோய்களில் ஒரு பகல், சிலவற்றில் அதுவும் இல்லை.

இந்தக் குறுகிய அவகாசத்துக்குள்தான் மார்க்கச் சட்டம் வந்து நிற்கிறது. தானாகச் செத்தது ஹராம். குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் இதை வெளிப்படையாகச் சொல்லி, உயிர் பிரிவதற்குள் முறைப்படி அறுத்துவிட்டதற்கு விலக்கும் தருகிறது. நபித்தோழர் கஅப் இப்னு மாலிக்கின் ஆட்டு மந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த அடிமைப் பெண் ஒருத்தி, சாகப்போகும் ஆடொன்றைக் கண்டு, கல்லை உடைத்து அதன் கூரால் அறுத்தாள். அதை உண்ணலாம் என்று நபிகள் அனுமதித்தார்கள். இது புகாரியின் நபிமொழித் தொகுப்பில் உள்ள செய்தி. சாகும் பிராணியை முதலில் கண்டவள் ஒரு பெண், அறுத்தவளும் அவளே என்பது நம் பேச்சுக்குப் பொருத்தமானது. இலங்கை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி சட்டநூல்களும் நோயுற்ற பிராணியில் உயிர் இருக்கும்வரை அறுப்பு செல்லும் என்றே கொள்கின்றன. விளைவு கணக்கில் மிகத் தெளிவு: அஸருக்கு முன் அறுத்தால் கறி, மஃரிபுக்குள் செத்தால் குழி. ஆறேழு கோழிகள் மட்டும் உள்ள வீட்டில் ஒரு கோழி என்பது சிறிய சொத்தல்ல. அதன் முழுப் பெறுமதியும் ஒரு நொடியில் பூச்சியமாகிவிடும் என்றால், அந்த நொடிக்கு முந்துவதற்காகவே கண் பழகும்.

ஏழை வீடு எங்கே இருந்தாலும் இதைத்தான் செய்யும், இதில் முஸ்லிம் ஊருக்கென்று தனியே என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் நோய்க்கோழியைச் சட்டென்று அறுத்துத் தின்பதும், அதைவிடச் சட்டென்று சந்தைக்கு அனுப்புவதும் பரவலான வழக்கம்தான். ஆனால் மற்ற இடங்களில் அந்த எல்லை நெகிழும். காலையில் செத்துக் கிடந்த கோழியைத் தின்பதா விடுவதா என்பது பசியும் அருவருப்பும் பேசித் தீர்க்கும் விஷயம். இங்கே அது பேசித் தீர்க்கும் விஷயமல்ல. கோடு ஒன்றே, அதுவும் நேர்கோடு. மேலும் ஒன்று: அறுப்பதைப் பெரும்பாலும் ஆண்களே செய்யும் வழக்கமுள்ள வீடுகளில், கோழி தூங்குவதைக் கண்டவள் உடனே ஆளனுப்பியாக வேண்டும். கடலுக்கோ வயலுக்கோ போனவர் திரும்பும்வரை நோய் காத்திருக்காது. எனவே சந்தேகம் வந்ததுமே முடிவெடுப்பது, உறுதிக்காகக் காத்திராதது, இந்தச் சூழலின் புத்திசாலித்தனம். அதைக் குறை சொல்ல இடமில்லை.

குறை வேறிடத்தில் விழுந்தது. சந்தேகத்தோடு அறுக்கப்பட்ட கோழி பிழைத்திருக்குமா, செத்திருக்குமா, எத்தனை நாளில், எந்த வழியில் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாமல் போயிற்று. ஊர்ப் பேச்சிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. தூங்குது, சாம்புது, இரை எடுக்குதில்லை, கழியுது, கொறட்டை இழுக்குது என்று முதல்நாள் அடையாளங்களுக்குச் சொற்கள் நிறைய. தனித்தனி நோய்களுக்கான பெயர்களோ சொற்பம். தமிழ்நாட்டில் ராணிகெட் என்ற கொள்ளைநோய்க்கு வழங்கும் வெள்ளைக்கழிச்சல் என்ற பெயர்கூட ஓர் அறிகுறியின் பெயர்தான். கோக்சிடியா கிருமியால் வரும் கழிச்சலையும் வெறும் குடற்கோளாறையும் அந்தப் பெயருக்குள் அடக்கிவிட எளிது. மாட்டுக்கு வாகடம் எழுதிவைத்த தமிழில், யானைக்கும் குதிரைக்கும் நூல் கண்ட தமிழில், கோழிக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. அரசனும் உழவனும் ஏறெடுத்துப் பார்க்காத பிராணி என்பது ஒரு காரணம். நோய் முற்றும்வரை வாழவிடப்படாத பிராணி என்பது இன்னொரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எல்லாக் கோழியையும் அறுத்துவிடவில்லையே. நன்றாக முட்டையிடும் பெட்டை, பொறுப்பாக அடைகிடக்கும் தாய்க்கோழி இவற்றுக்கு மருந்து கொடுத்தார்களே, சின்ன வெங்காயமும் மஞ்சளும் வேப்பிலையும் எதற்கு? மறுக்க முடியாத உண்மை. ஆனால் அந்த மருந்துகளின் கணக்கு எப்படி எழுதப்பட்டது என்று பாருங்கள். மருந்து கொடுத்துத் தேறிய கோழி மருந்தால் பிழைத்தது. மருந்து கொடுத்தும் தளர்ந்த கோழி அந்தி சாய்வதற்குள் அறுபட்டது. மருந்து பலிக்காமல் செத்த கோழி என்று ஒன்று கணக்கில் ஏறவே இல்லை. கோழி அம்மை இதற்கு நல்ல உதாரணம். கொண்டையிலும் தாடியிலும் கண்ணோரத்திலும் பரு கிளம்பிப் பொருக்காகிக் காயும். வாய்க்குள் இறங்காத வகையானால் மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் தானே ஆறிவிடும். அந்த மூன்று வாரமும் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினால் மஞ்சளுக்குப் பெயர். தேங்காயெண்ணெய் பூசினால் எண்ணெய்க்குப் பெயர். ஒன்றும் பூசாத கோழியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் நேரமும் இல்லை, மனமும் வராது.

அப்படி ஒப்பிட்டுப் பார்த்த ஒருவரின் கதை இந்தியப் பெருங்கடலின் மறுகரையில் இருக்கிறது. ஜாவாவின் பத்தாவியா நகரில், 1880களின் இறுதியில், டச்சு மருத்துவரான எய்க்மன் பெரிபெரி நோயின் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வுகூடக் கோழிகளுக்குக் கால் தள்ளாடத் தொடங்கியது. நடக்க முடியாமல் சாய்ந்து விழுந்தன. அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சில மாதங்களில் கோழிகள் தாமாகவே தேறின. தேடிப் போனதில், அவை இராணுவ ஆஸ்பத்திரிக் குசினியின் தீட்டிய வெள்ளையரிசிச் சோற்றைத் தின்றுகொண்டிருந்ததும், புதிதாக வந்த சமையற்காரர் அதைக் கொடுக்க மறுத்ததால் தவிடு நீங்காத அரிசிக்கு மாறியதும் தெரியவந்தது. உயிர்ச்சத்து என்ற கருத்துக்கு இட்டுச்சென்ற இந்தக் கண்டுபிடிப்புக்காக 1929இல் அவர் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அந்தக் கோழிகள் ஒரு வீட்டு வளவில் தள்ளாடியிருந்தால் அன்று மாலையே ஆணமாகியிருக்கும். நோயை அறிவதற்கு நோயை ஓடவிட வேண்டும், ஓடவிடுவதற்கு வசதி வேண்டும். பாஸ்டர் 1879, 1880 ஆண்டுகளில் கோழிக் காலராக் கிருமியை வலுவிழக்கச் செய்து தடுப்பு மருந்தாக்கியபோதும், செத்தால் பட்டினி கிடக்கவேண்டிய அவசியமில்லாத ஒருவரின் கோழிகளே அதற்குப் பயன்பட்டன.

ஊர்க் கண்ணின் கெட்டிக்காரத்தனம் முழுதாகத் தோற்றது 1920களின் பிற்பகுதியில். 1926இல் அதே ஜாவாவிலும், இங்கிலாந்தின் நியூகாசில் நகரருகேயும் ஒரு புதிய கொள்ளைநோய் கோழிகளைக் கூட்டங்கூட்டமாகச் சாய்த்தது. சற்றுப் பின் இந்தியாவின் குமாவுன் மலையிலுள்ள ராணிகேத்தில் கண்டறியப்பட்டதால் நம் பக்கத்தில் ராணிகெட் என்று அந்த ஊரின் பெயரே நிலைத்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. வாய் பிளந்து மூச்சிழுத்தல், பச்சை கலந்த வெள்ளைக் கழிச்சல், இறக்கை தொங்குதல், பிழைத்தவற்றுக்குக் கழுத்துத் திருகிப் போதல். கடுமையான வகையானால் இரண்டு மூன்று நாளில் கூடே காலி. ஒரு கோழியைக் கண்டு ஒரு கோழியை அறுத்துத் தப்பித்த பழைய கணக்கு இங்கே செல்லவில்லை, ஏனென்றால் முதல் கோழி தூங்குமுன்பே மற்றவற்றுக்குத் தொற்றிவிடுகிறது. தொற்றிய நாளிலிருந்து அறிகுறி தெரிய சராசரி ஐந்தாறு நாள் ஆகும். பதினைந்து நாள்வரையும் போகலாம். கிருமி எச்சத்திலும் இறகிலும் குடலிலும் நிறைந்திருக்கும். வேலியோரத்தில் பறித்துப் போட்ட இறகும், நாய் இழுத்துக்கொண்டு போன குடலும், பயத்தில் விற்றுத்தள்ளிய மற்றக் கோழிகளும் நோயை அடுத்த வளவுக்கும் அடுத்த ஊருக்கும் கொண்டுபோயின. சொத்தைக் காப்பாற்றிய அதே கத்தி, கொள்ளைநோய்க்கு வாகனமுமாயிற்று.

அப்போது அரசாங்கம் எங்கே இருந்தது? காலனி ஆட்சியின் மிருக வைத்தியம் மாட்டைப் பார்த்தது. வண்டியும் உழவும் சூடடிப்பும் மாட்டில் நின்ற காலம். மாட்டு வெக்கைநோயைத் தடுப்பது வருமானப் பிரச்சினை. அந்த முயற்சி வீண்போகவில்லை. 2011இல் அந்த நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. கோழியோ பெண்களின் கைச்செலவுக்காசு, எந்த வரிப்பட்டியலிலும் இல்லாதது.

மார்க்கமே இந்த நிலைக்குக் காரணம் என்று யாரும் அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். அறுப்புக்கு அனுமதி தந்த அதே மரபில், நோயுள்ள ஒட்டகத்தைச் சுகமான ஒட்டகங்களிடம் கொண்டுசெல்லக் கூடாது என்ற நபிமொழியும் இருக்கிறது. அசுத்தம் தின்று திரியும் கோழியை மூன்று நாள் அடைத்துவைத்துச் சுத்தமான தீனி கொடுத்தே நபித்தோழர் இப்னு உமர் அறுத்ததாகவும் செய்தி உண்டு. பிரித்துவைத்தல், அடைத்துவைத்துப் பார்த்தல் இரண்டும் நவீன நோய்த்தடுப்பின் அடிப்படைகள். அந்த மூன்று நாள் அடைப்பின் நோக்கம் நோய்ப் பரிசோதனை அல்ல, இறைச்சியின் சுத்தம். நோய் வெளிப்பட எடுக்கும் நாட்களோடு ஒப்பிட்டால் மூன்று நாள் போதாது என்பதும் சரியே. ஆனாலும் வழிகாட்டல் இல்லாமல் போனதால் ஊர் தவறவில்லை என்பதற்கு இது போதும். தனியே அடைத்துவைக்க இன்னொரு கூடு வேண்டும். அடைத்துவைத்தது செத்தால் தாங்கிக்கொள்ளும் தெம்பும் வேண்டும். ஒட்டக மந்தைக்காரனிடம் இருந்த அந்தத் தெம்பு ஆறு கோழி வைத்திருந்தவளிடம் இருக்கவில்லை.

இந்தப் பின்னணியோடு தடுப்பூசியைப் பார்க்கவேண்டும். 1940களில் இந்தியாவின் முக்தேஸ்வர் ஆய்வுகூடம் ராணிகெட் நோய்க்குத் தடுப்பு மருந்தைக் கண்டது. மருந்து நல்ல மருந்து. ஆனால் குளிரில் வைக்கவேண்டும். நூற்றுக்கணக்கான கோழிகளுக்கான அளவாக ஒரே குப்பியில் வரும். கரைத்தால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கவேண்டும். பண்ணைக்கு ஏற்ற அளவு, வளவுக்கு ஏறாத அளவு. இதைக்காட்டிலும் பெரிய இடைஞ்சல் மனத்தில் இருந்தது. அறிகுறியைக் கண்டதும் செயற்படப் பழகிய கண்ணிடம், அறிகுறியே இல்லாத கோழியைப் பிடித்து மருந்து கொடு என்றார்கள். பக்கத்து ஊரில் கோழி விழுகிறது என்று கேள்விப்பட்டபின் ஓடிப்போய் ஊசி போட்டால், ஏற்கெனவே தொற்றியிருந்தவை மூன்றாம் நாள் சாகும். பழி ஊசிமேல் விழும். அந்தப் பழியை அறியாமை என்று அதிகாரிகள் எழுதிவைப்பது வழக்கம். கண்ணால் கண்டதை நம்பு என்ற பழைய விதியை ஊரார் பிசகாமல் பின்பற்றினார்கள் என்பதே சரி. பிற்காலத்தில் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1966இல் சுகமான கோழிகளிலிருந்து பிரித்தெடுத்த வி4 என்ற வகையிலிருந்தும், அதன் பின் வந்த ஐ-2 வகையிலிருந்தும் வெப்பம் தாங்கும் மருந்துகள் உருவாயின. ஐ-2 மருந்தைக் கண்ணில் ஒரு சொட்டாக விட்டால் போதும், வீட்டுப் பெண்ணே விடலாம். ஊர்க்கோழியை மனத்தில் வைத்து யோசித்த முதல் மருந்துகள் என்று இவற்றைச் சொல்லலாம்.

இனி இந்தப் பேச்செல்லாம் எதற்கு, வளவே இல்லையே என்று கேட்பவர்களும் உண்டு. 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பின் மருதமுனையின் கடலோர வளவுகள் பல இல்லாமற் போயின. கரையிலிருந்து 65 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்ற எல்லை வந்து, மக்கள் வீட்டுத்திட்டங்களுக்குப் போனார்கள். அங்கே கோழி மேய இடம் ஏது? கடைகளில் விற்பது பெரும்பாலும் புரொய்லர். ஆனால் பழைய முறை அந்தப் புரொய்லர் பண்ணைகளிலும் தொடர்கிறது என்பது கவனிக்கத்தக்கது. ஐயாயிரம் கோழி நிற்கும் கொட்டிலில் யாரும் தனிக்கோழியின் கண்ணைப் பார்ப்பதில்லை. அன்றைக்குத் தீனி எத்தனை கிலோ குறைந்தது, தண்ணீர் எவ்வளவு மிஞ்சியது என்று பார்க்கிறார்கள். சந்தேகம் வந்தால் நாள் முந்தி ஏற்றிவிடுவது அங்கேயும் உண்டு. அப்படி ஏற்றாவிட்டாலும் ஐந்தாறு வாரத்தில் எப்படியும் கத்தி. புடாபெஸ்டில் 1907இல் மாரெக் விவரித்த வாத நோய், ஒரு கால் முன்னேயும் மறு கால் பின்னேயும் நீண்டு கோழியைத் தரையில் கிடத்துவது, பெரும்பாலும் மூன்று நான்கு மாதமான கோழிகளில்தான் வெளித்தெரியும். புரொய்லர் பண்ணைக்காரர் ஆயிரக்கணக்கில் வளர்த்தும் அந்தக் கிடையைக் காணாமலே தொழிலை நடத்தலாம். முட்டைக்காகக் கூட்டில் பத்துக் கோழியை ஒன்றரை இரண்டு வருடம் வைத்திருக்கும் வீட்டுக்காரிக்குத்தான் அது கண்ணில் படும். அப்போதும் கழுத்து நேராக இருக்கிறதா, கால் மட்டும்தான் போயிற்றா என்று பார்த்து, ராணிகெட்டா மாரெக்கா என்று மிருக வைத்தியரிடம் சொல்லத் தெரிந்தால், அந்தக் கோழி அறுபட்டாலும் மற்ற ஒன்பதுக்கும் என்ன செய்வது என்று அவரால் சொல்ல முடியும்.